பெஞ்சுல உட்கார்றதுக்கா ஃபீஸ் கட்டறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்பந்துன்னா பேப்பர்ல சிங்கப்பூர் தேசியக் குழு வருது, பிரிமியர் லீக் வருது, ஆனா சனி ஞாயிறு காலைல ஊரெல்லாம் திடல் திடலா நடக்குதே பத்து வயசு பசங்க மேட்ச், அதப்பத்தி யாரும் எழுதறதில்ல, அதான் நான் எழுதறேன். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பன்னெண்டு வயசுக்குக் கீழ நடக்குற எந்தப் போட்டியா இருந்தாலும் சரி, டீம் லிஸ்ட்ல பேர் இருக்குற ஒவ்வொரு பிள்ளையும் பாதி மேட்சாவது ஆடியே ஆகணும்னு ரூல்லயே எழுதி வச்சிடணும். கோச் நல்லவரா இருந்தா ஆட விடுவாரு, இல்லாட்டி இல்லங்குற நிலைமைல பிள்ளைங்கள விடக்கூடாது.

என் பையன் பிரைமரி 4. வார கடைசில ஒரு அகாடமிக்குப் போறான், பேர் வேண்டாம், ஏன்னா இது ஒரு இடத்துக் கதை இல்ல, எங்க கேட்டாலும் இதே பாட்டுதான். எல்லாரும் ஒரே ஃபீஸ்தான் கட்டறோம், எல்லாருக்கும் ஒரே ஜெர்சிதான், ஆனா மேட்ச் அன்னிக்கு நாலஞ்சு பசங்க முழுசா ஆடறாங்க, இவனும் இன்னும் மூணு பேரும் கடைசி சில நிமிஷம். அதுவும் நம்ம டீம் நாலு கோல் முன்னாடி இருந்தாதான். ஸ்கோர் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு நின்னா அவ்ளோதான், அன்னிக்கு இவன் எழுந்திருக்கவே வேண்டியதில்ல. பேக் மேல உட்கார்ந்துகிட்டு ஷின் பேட் ஸ்ட்ராப்பை சர்ருன்னு பிரிக்கிறான், ஒட்டறான், திரும்பப் பிரிக்கிறான். கோச் இந்தப் பக்கம் திரும்பினா போதும், உடனே ஜெர்சி மேல போட்டிருக்குற பிப்பைக் கழட்டிட்டு எழுந்து நிக்கறான், அவரு தண்ணி பாட்டிலை எடுத்துட்டு திரும்பிப் போயிடறாரு. வீட்டுக்கு வந்தா ஜெர்சில ஒரு பொட்டு மண்ணு இல்ல. துவைக்கிற வேலை மிச்சம்தானேன்னு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணாரு, எனக்குச் சிரிப்பு வரல.

கோச்சை மட்டும் குத்தம் சொல்லவும் மாட்டேன். அவரே ஒரு நாள் சொன்னாரு, தோத்துட்டே இருந்தா பேரன்ட்ஸ் பிள்ளைங்களைத் தூக்கிட்டு வேற அகாடமிக்குப் போயிடறாங்க மேடம்னு. உண்மைதான். கோட்டுக்குப் பக்கத்துல நின்னு தொண்டை கிழியக் கத்துறது யாரு, நாமதானே. டிஎஸ்ஏ, அதான் திறமையை வச்சு உயர்நிலைப் பள்ளில நேரடியா சேர்க்குற முறை, அது வந்ததுக்கப்புறம் இன்னும் மோசம், காற்பந்தை வச்சு நல்ல உயர்நிலைப் பள்ளில இடம் கிடைக்குமாங்குற கணக்குல ஒன்பது வயசுலயே கோப்பையும் மெடலும் சேர்க்கறாங்க, அதுக்கு டீம் ஜெயிச்சாகணும், ஜெயிக்கணும்னா பெரிய பசங்கதான் ஆடணும். இந்த ஓட்டத்துல எந்தக் கோச்சும் தனியா நின்னு நான் எல்லாரையும் ஆட விடறேன்னு சொல்ல முடியாது, சொன்னா அவரு டீம் மட்டும்தான் தோக்கும். அதனாலதான் ரூலா வரணும்ங்கறேன், எல்லா டீமுக்கும் ஒண்ணு போல இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்லல்ல.

பெரிய பசங்கன்னு சொன்னேன்ல, அதையும் கொஞ்சம் பார்க்கணும். நம்ம ஊர்ல ஸ்கூல் வகுப்பும் ஜனவரிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் பிறந்தவங்களை வச்சுதான், காற்பந்து வயசுப் பிரிவும் பிறந்த வருஷத்தை வச்சுதான். என் பையன் நவம்பர்ல பிறந்தவன். அவன் டீம்ல ஜனவரில பிறந்த பையன் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவன், ஒன்பது பத்து வயசுல ஒரு வருஷம்னா உயரம், கால் வேகம், தோள் பலம் எல்லாத்துலயும் தெரியும். பல நாட்டுல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, இளையர் குழுக்களுக்குத் தேர்வாகுறவங்கள்ல வருஷ ஆரம்பத்துல பிறந்த பிள்ளைங்கதான் ரொம்ப அதிகம்னு திரும்பத் திரும்ப வருது. உயரமா இருக்கான்னு ஆட விடறாங்க, ஆட ஆட நல்லா வர்றான், நல்லா வர்றதால இன்னும் ஆட விடறாங்க. நவம்பர் பையன் பெஞ்சுலயே இருக்கான். திறமைங்கற பேர்ல நாம பிறந்த மாசத்தைத் தேர்ந்தெடுத்துட்டு இருக்கோமோன்னு எனக்கு சந்தேகம்.

இது நடக்காத காரியம்னு யாராவது சொன்னா, அமெரிக்காவைப் பாருங்க. அங்க ஏஒய்எஸ்ஓன்னு 1964லேர்ந்து நடக்குற பிள்ளைங்க காற்பந்து அமைப்பு ஒண்ணு இருக்கு, எல்லாரும் ஆடணும்ங்குறதுதான் அவங்க முதல் கொள்கை, வந்த பிள்ளை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மேட்ச்லயும் குறைஞ்சது பாதி நேரம் ஆடணும். அதுக்காக ஒவ்வொரு பாதியோட நடுவுலயும் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி ஆளை மாத்துறாங்க, யாரு உள்ள யாரு வெளியன்னு எழுதியும் வச்சுக்கறாங்க. காற்பந்து சட்டத்துல இடம் இல்லைன்னும் சொல்ல முடியாது, வெளிய போன ஆட்டக்காரர் திரும்ப உள்ள வர்றதை இளையர் ஆட்டத்துல அனுமதிக்கலாம்னு சர்வதேச விதியிலயே இருக்கு. அந்த அனுமதி குடுத்துட்டா போனவனைத் திரும்பக் கொண்டு வரலாம், மாத்தத்தான் மனசு வரணும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் ஆள் கணக்கு. இந்த வயசுல பெரும்பாலும் ஏழு பேர் ஆட்டம்தான், இங்கிலாந்துலயும் பத்து வயசுக்குக் கீழ்ப் பிரிவுல ஏழு பேர்தான். மேட்ச் 50 நிமிஷம்னு வைங்க, ஏழு பேருக்கு மொத்தம் 350 நிமிஷம். டீம்ல 10 பேர் இருந்தா ஆளுக்கு 35 நிமிஷம் வரும், 14 பேர் இருந்தா சரியா 25, அதாவது பாதி. 16 பேரை சேர்த்துட்டா 22 நிமிஷம் கூட முழுசா தேறாது, கோச் கடவுளாவே இருந்தாலும் பாதி நேரம் குடுக்க முடியாது. அப்ப 16 பேர்கிட்ட ஃபீஸ் வாங்கி ஒரே டீம்ல போடறப்பவே சில பிள்ளைங்க உட்காரத்தான் போகுதுன்னு முடிவாயிடுச்சு, அதை நம்மகிட்ட யாரும் சொல்றதில்ல. இன்னொரு டீமா பிரிச்சு வேற பிரிவுல ஆட விட்டா என்ன? கோச் இன்னொருத்தர் வேணும், செலவு, அதானே.

திறமை இருக்கறவன் ஆடட்டும், இதுதான் சிங்கப்பூர்னு ஒரு அப்பா என்கிட்ட வாதாடினாரு. பதினாறு பதினேழு வயசுன்னா நானும் சரின்னுடுவேன். ஒன்பது வயசுல அப்படி சொல்றது நீச்சல் கத்துக்கிட்டு வா, அப்புறம் குளத்துல இறங்கலாம்னு சொல்ற மாதிரிதான். கோனை நட்டு வச்சு பந்தை உருட்டறது பயிற்சில வந்துடும், ஆனா எதிராளி மேல வந்து விழுறப்ப பந்தை யாருக்குத் தள்ளணும், பந்து போனதும் எங்க ஓடி நிக்கணும், இதெல்லாம் மேட்ச் ஆடினாதான் வரும்.

எங்க அப்பா ஃபேரர் பார்க் திடல்ல ஆடினவரு. 1977ல சிங்கப்பூர் மலேசியக் கிண்ணம் ஜெயிச்சப்போ கேப்டனா இருந்த சமத் அல்லாபிச்சை, பந்தை வளைச்சு அடிக்கிற ராஜகோபால், இவங்களைப் பத்தி ஆரம்பிச்சாருன்னா ராத்திரி சாப்பாடு ஆறிடும். அவரு சொல்றது, எங்க காலத்துல பெஞ்சே கிடையாது, திடலுக்கு வந்தவன் எல்லாம் ஆடுவான், ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு பேர் ஆனாலும் ஆடுவோம். இப்ப அந்த மாதிரி சும்மா போய் ஆடற இடம் எங்க இருக்கு, புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல பந்து விளையாடக்கூடாதுன்னு போர்டு, திடல் வேணும்னா புக் பண்ணணும், புக் பண்ண அன்னிக்கு மின்னல் எச்சரிக்கை வந்தா எல்லாரும் கூரைக்குக் கீழ நிக்கணும். பிள்ளைக்குக் கிடைக்குறதே வாரத்துல அந்த ஒரு மேட்ச்தான், அதுலயும் உட்கார வச்சா அவன் எங்கதான் ஆடுவான்?

சரி, ரூல் வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னு கேக்கற அம்மா அப்பாக்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். சேர்க்கறதுக்கு முன்னாடியே டீம்ல எத்தனை பேர், மேட்ச்ல எப்படி மாத்துவீங்கன்னு கேட்டுடுங்க, அதுக்கு நேரா பதில் வரலைன்னா அதுவே ஒரு பதில்தான். மேட்ச் முடிஞ்ச கையோட கோச்சைப் போய்ப் பிடிக்காதீங்க, அவரும் சூட்டுல இருப்பாரு நாமளும் சூட்டுல இருப்போம், வாட்ஸ்அப் குரூப்ல போடறது அதைவிட ஆபத்து, மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ தனியா ஒரு மெசேஜ் போட்டு அஞ்சு நிமிஷம் பேசலாமான்னு கேளுங்க. அந்தப் பையன் மட்டும் ஏன் முழு மேட்ச் ஆடறான்னு ஆரம்பிச்சா அங்கேயே கதவு சாத்திடும். என் பையன் எதுல தேறினா அதிக நேரம் ஆடலாம்னு கேட்டா பதில் சொல்லியே ஆகணும்.

அதைவிட நல்லது பிள்ளையையே கேக்க வைக்கிறது. என் பையனை அனுப்பினேன், நான் நாலு அடி தள்ளி நின்னேன். கோச், நான் இன்னும் கொஞ்சம் நேரம் ஆடணும்னா என்ன பண்ணணும்னு கேட்டான், குரல் கொஞ்சம் நடுங்குச்சு. அவரு குனிஞ்சு உட்கார்ந்து பதில் சொன்னாரு, பந்து போயிட்டா நீ அப்படியே நின்னுடற, திரும்பி ஓடி வரணும், அப்புறம் இடது கால் சுத்தமா வரல, நம்ம டீம்ல லெஃப்ட் பேக், அதான் இடது பக்கத் தடுப்பு, ஆடத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்னு. எனக்கு அதுக்கு முன்னாடி யாரும் இதைச் சொல்லல. எல்லாரும் கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர் ஆகணும்னு நிக்கறப்போ ஆள் கம்மியா இருக்குற இடத்தைக் கத்துக்கிட்டா வாய்ப்பு தானா வருது. அதிலேர்ந்து பக்கத்துப் புளோக் ஸ்திரீட் சாக்கர் கோர்ட்டுல சாயங்காலம் இடது காலால மட்டும் தடுப்புல அடிச்சு அடிச்சு வாங்கறான், பெரிய பசங்க கோர்ட்டைக் கேட்டு வந்தா அவங்ககூடயே நாலு பேர் அஞ்சு பேர் ஆட்டத்துல கலந்துக்கறான். அந்த ஆட்டத்துல ஆள் கம்மி, அதனால பந்து கால்ல பட்டுக்கிட்டே இருக்கு, சில நாள் அங்க ஆடுறதுதான் சனிக்கிழமை மேட்சைவிட உருப்படியா இருக்கு. இப்போ மேட்ச்ல கொஞ்சம் கூட நேரம் கிடைக்குது, பாதி வரைக்கும் இன்னும் வரல.

அப்படியும் ஒண்ணும் மாறலைன்னா டீமை மாத்தத் தயங்காதீங்க. பேர் பெத்த அகாடமியோட முதல் டீம்ல உட்கார்ந்திருக்கறதைவிட சின்ன டீம்ல முழுசா ஆடுறது மேல், ஆனா பையன்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க, கூட்டாளிங்களை விட்டுட்டு வர்ற வலி அவனுக்குத்தான். கார்ல வீட்டுக்கு வர்றப்போ கோச்சைத் திட்டிட்டே வராதீங்க. நம்ம காதுல விழுற மாதிரிதான் அவன் காதுலயும் விழும், அப்புறம் அவனும் உழைக்க மாட்டான், கோச்சுக்கு என்னைப் பிடிக்கலம்மான்னு முடிச்சுடுவான்.

2025 நவம்பர்ல ஹாங்காங்கை 2-1னு ஜெயிச்சு சிங்கப்பூர் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றப்போ எங்க வீட்டுல கத்தின கத்துக்கு பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் போட்டில நாம ஆடினது 1984ல, அதுவும் இங்க நடத்தினதால கிடைச்ச இடம். இனி அடுத்தடுத்துப் போகணும்னா ஆள் வேணும், சின்ன ஊர் இது, ஒன்பது வயசுலயே பாதிப் பேரை உட்கார வச்சு சலிச்சுப் போக விட்டுட்டு பதினெட்டு வயசுல ஆளைத் தேடினா எப்படிக் கிடைக்கும்?

இளையர் போட்டி நடத்துறவங்களை நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஏழு பேர் ஆட்டத்துக்கு 14 பேருக்கு மேல பதிவு செய்யக்கூடாது, ஒவ்வொருத்தரும் பாதி நேரம் ஆடணும், இந்த ரெண்டு வரி ரூல் பேப்பர்ல சேரட்டும். சரிபார்க்கறதும் கஷ்டம் இல்ல, இந்த வெயிலுக்கு எப்படியும் ஒவ்வொரு பாதியிலயும் தண்ணி குடிக்க நிறுத்தத்தான் செய்றோம், அப்பவே ஆளை மாத்திட்டு டீம் மேனேஜர் ஒரு தாள்ல டிக் போட்டு ரெஃப்ரிகிட்ட குடுத்தா முடிஞ்சுது. ஜூன் லீவு கார்னிவல்லேர்ந்தே ஆரம்பிக்கலாம், டிக் போட ஆள் இல்லைன்னா நான் வந்து உட்கார்றேன்.

இப்படிக்கு,
தெம்பனிஸிலிருந்து ஒரு அம்மா