பாட்டியின் முகத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பாட்டியின் பழைய புகைப்படத்தைச் சரிசெய்து, புதிதாகப் பிரிண்ட் போட்டாயிற்று. போன வாரம் அத்தையின் கையில் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனாலும் உங்களில் பலருக்கு மற்றவரைத் தெரியாது. ஒருவர் செய்த உதவி இன்னொருவர் செய்த உதவியோடு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசை. அதனால்தான் இந்தப் பொது மடல்.

அப்பாவின் அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளை. கண்ணாடிச் சட்டத்துக்குள் பல காலம் சுவரில் இருந்தது. ஈரம் உள்ளே புகுந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. மெல்லிய பிளேடால் ஓரத்திலிருந்து பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போமே என்று செல்பேசியில் படமெடுத்து அனுப்பினேன். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் தோழியே, நீங்கள் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை, உடனே அழைத்தீர்கள். "முதல்ல பிளேடைக் கீழ வைங்க. அப்புறம் பேசலாம்."

உருவம் இருப்பது தாளில் அல்ல, தாளின் மேல் பூசிய ஜெலட்டின் என்ற பசையில், நுண்ணிய வெள்ளித் துகள்களாக என்று அன்றுதான் புரிந்தது. ஈரத்தில் ஊறி இளகிய ஜெலட்டின், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும், முகம் கண்ணாடியோடு நின்றுவிடும். நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கியது. இன்னும் கால் மணி நேரம் தாமதித்து அழைத்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

சரி, பிரிக்க வழியில்லை, கண்ணாடியோடு சேர்த்தே எடுப்போம் என்று முடிவானது. மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை இரவலாகத் தந்ததோடு நில்லாமல், ஒரு ஞாயிறு முழுவதும் என்னோடு தரையில் உட்கார்ந்திருந்த நண்பரே, உங்கள் பொறுமைக்கு என்ன சொல்வது! இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் விளக்குகள், அவற்றின் முன்னால் பிரதிபலிப்பை அடக்க உதவும் போலரைசர் தாள்கள், லென்ஸிலும் ஒரு போலரைசர். லென்ஸில் இருந்ததை நீங்கள் மெல்லத் திருப்பத் திருப்பக் கண்ணாடியின் பளபளப்பு அடங்கியது. நிழல் பகுதிகளில் நீலம் பூத்த மாதிரி படர்ந்திருந்த வெள்ளி மினுமினுப்பும் கூடவே மறைந்தது. பாட்டியின் காதோர முடி அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்தது. நாம் இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இனி கணினி வேலை. இதில் எனக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தவர், இரவுப் பணி முடித்து வந்து திரைப்பகிர்வில் உட்கார்ந்த தம்பி. மூலக் கோப்பைத் தரம் குறையாத 16 பிட் டிஃப் வடிவில் சேமித்து, அதன் மேல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது, எதைச் செய்தாலும் அதன் மேல் தனி அடுக்காக விரியும் புது லேயரில்தான் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். அந்தக் கண்டிப்பின் அருமை பின்னால் தெரிந்தது. மஞ்சள் கறையை, பக்கத்துச் சாயலைப் பூசி மறைக்கும் ஹீலிங் பிரஷால் புள்ளி புள்ளியாகத் துடைத்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறவாரியாகப் படம் பிரியும் மூன்று சேனல்களையும் தனித்தனியாகக் காட்டினீர்கள். மஞ்சள் நீல ஒளியை உறிஞ்சும் நிறம், அதனால் கறை முழுவதும் நீலச் சேனலில் இருட்டாகக் கிடந்தது. சிவப்புச் சேனலில் கன்னம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. மூன்று நாள் வேலை ஒரு நொடியில் முடிந்தது.

அந்த இடத்தில் மட்டும் ஏன் அவ்வளவு கறை என்று விளக்கியவர், படம் கழுவும் இருட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்த ஐயா. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்ற ரசாயனம் தாளில் தங்கிவிடாமல் நன்றாகக் கழுவ வேண்டும், அன்று யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்றீர்கள். வெள்ளி உப்புகளைக் கரைக்கும் ஹைப்போவின் குணத்தை ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்ததையும், 20 ஆண்டுகள் கழித்து அது புகைப்படத்துக்குப் பயன்பட்டதையும் நேற்று நடந்ததுபோல் சொன்னீர்கள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

இடது கண் அருகே ஜெலட்டின் உதிர்ந்திருந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்தேன். அழகான கண், நுணுக்கமான இமை முடிகள். பெருமையோடு அத்தைக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்காங்கடா. ஆனா இது எங்கம்மா இல்லையே" என்றீர்கள் அத்தை. அந்தச் செயலி, இல்லாததைத் தான் கற்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஊகித்து நிரப்பியிருந்தது. அந்த லேயரை அன்றே நீக்கினேன். உதிர்ந்த இடத்தை, சுற்றியிருந்த தோலின் சாயலில் மங்கலாகவே விட்டேன். தெரியாத இடம் தெரியாததாகவே இருக்கட்டும்.

அடுத்த முறை காட்டியபோது நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "தாடையில மச்சம் எங்கடா?"

அதைக் கறை என்று நினைத்து நானே அழித்திருந்தேன். உடனே தம்பியைக் கூப்பிட்டேன். மூலக் கோப்பில் சேனல்களைப் பார்க்கச் சொன்னார். சுற்றியிருந்த கறைப் புள்ளிகளெல்லாம் சிவப்பில் கரைந்துபோக, இந்த ஒரு புள்ளி மட்டும் மூன்றிலும் ஒரே கருமையில் நின்றது. அது கறையல்ல, படத்தின் வெள்ளியிலேயே பதிந்தது. சான்று என் கண்முன்னேதான் இருந்திருக்கிறது, படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. லேயரை அணைத்ததும் மச்சம் திரும்ப வந்தது.

இதைச் சொன்னதும் இருட்டறை ஐயா சொன்னதை அத்தைக்காக இங்கே எழுதிவைக்கிறேன். ஒளியும் இருளும் மாறிப் பதியும் நெகட்டிவில் மச்சம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியுமாம். கூர்மையான பென்சிலால் அதை அடைத்தால் பிரிண்டில் காணாமல் போய்விடும். அந்தக் காலத்தில் பலர் முகத்தில் அப்படிச் செய்ததுண்டாம். "இவங்க மச்சத்துல யாரும் பென்சில் வைக்கல" என்றார். ஏன் வைக்கவில்லையோ, அந்த முகம் தெரியாத கலைஞருக்கும் என் நன்றி.

பிரிண்ட் போட்டுத் தந்தவருக்கும் ஒரு வார்த்தை. என் திரை வெளிச்சம் அதிகம், அதை நம்பிப் போட்டால் படம் இருட்டாக வரும் என்று எச்சரித்து, மூன்று சோதனைத் துண்டுகள் போட்டுக் காட்டிய பிறகே முழுப்படம் போட்டீர்கள்.

மூலப்படம் கண்ணாடியோடு, பிரிக்கப்படாமல், ஈரமும் வெளிச்சமும் இல்லாத பெட்டியில் இருக்கிறது, தோழி சொன்னபடியே. லேயர்களோடு கூடிய கோப்பு மூன்று இடங்களில் இருக்கிறது. அத்தை புதுப் படத்தை வாங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாடையருகே விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்கள். "தொடலாம் அத்தை, இது புதுசு" என்றேன்.

தொட்டார்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் எல்லோருக்கும் கடன்பட்ட பேரன்