பெட்டி மேல 26000 ஏன் போடலைன்னு கேட்டவங்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க. திருப்பூர் காதர்பேட்டையில நம்ம பனியன் கடைக்கு நேர்ல வர்றவங்க, ஈரோடு கோபி பக்கமிருந்து போன்லயே ஆர்டர் சொல்ற கடைக்காரங்க, ஆன்லைன்ல வாங்கறவங்க, எல்லாத்துக்கும் ஒட்டுக்காத்தான் இத எழுதறேன், ஒவ்வொருத்தருக்கா வாட்சப்புல பதில் போட்டு விரலே வலிக்குது.

போன மாசம் பூரா ஒரே கேள்வி. "ஏனுங்கண்ணா, மத்த கம்பெனி பெட்டியில ஐஎஸ்ஓ 26000 சர்டிஃபைடுன்னு போட்டிருக்குது, உங்கற பெட்டியில ஒண்ணையும் காணோமே, உங்களுக்கு கெடைக்கலியா?" கோபியில கடை வச்சிருக்கற அக்கா ஒருத்தங்க ஒரு படி மேல போயி, அந்த முத்திரை இருந்தா பீஸுக்கு ரெண்டு ரூபா கூடவே குடுத்து எடுத்துக்கறேன்னாங்க. ரெண்டு ரூபா கூட குடுக்கறேன்னு ஒரு கடைக்காரர் தானா சொல்லி நான் கேட்டது இதுதான் மொத தடவை, மனசு கொஞ்சம் ஆடித்தான் போச்சுங்க. ஆனா மொதல்லயே சொல்லிப்போடறேன், 26000க்கு சர்டிபிகேட்டுன்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாது.

நெசமாத்தானுங்க. 26000ங்கறது ஒரு கம்பெனி ஆளுகளுக்கும் ஊருக்கும் பொறுப்பா நடந்துக்கறது எப்படின்னு சொல்ற ஸ்டாண்டர்டு. அதப் போட்ட ஐஎஸ்ஓங்கற உலகத் தர அமைப்புக்காரங்களே, இது வழிகாட்டி மட்டுந்தான், இத வச்சு யாரும் சர்டிபிகேட் குடுக்கக் கூடாது, வாங்குனதா சொல்லிக்கவும் கூடாது, அப்படிச் சொன்னா அது தப்பா பயன்படுத்தறதுன்னு அதுக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க. எனக்கும் ஒரு கன்சல்டன்ட் போன் பண்ணாரு. 45 ஆயிரம் ஆகும், பத்து நாள்ல ஃப்ரேம் போட்டே கொண்டாந்து மாட்டிக் குடுத்துருவோம்னாரு. எங்க மிசினு பாக்க எப்ப வருவீங்க, டெய்லருங்க கிட்ட ஏதாச்சும் கேப்பீங்களான்னேன், "அதெல்லாம் எதுக்குங்க, உங்க லெட்டர்பேட் ஒண்ண மட்டும் தாட்டி விடுங்க"ன்னாரு. அதோட போன வச்சுட்டேன்.

சரி, அப்ப 26000ங்கறது என்னதான்? 2005ல பிரேசில் நாட்டு சால்வடார்ங்கற ஊர்ல கூடி பேச ஆரம்பிச்சாங்க, பிரேசிலும் ஸ்வீடனும் சேர்ந்து தலைமை, அதாவது வளர்ற நாடு ஒண்ணு, பணக்கார நாடு ஒண்ணு. கம்பெனிக்காரங்க, தொழிற்சங்கம், அரசாங்கம், வாடிக்கையாளர் அமைப்பு, தொண்டு நிறுவனம், ஆராய்ச்சி ஆளுகன்னு ஆறு தரப்ப ஒரே மேசையில ஒக்கார வச்சு, 99 நாட்டுல இருந்து 450 நிபுணருக கிட்ட அஞ்சு வருசம் பேசுனாங்க. நம்மூர்ல பீஸ் ரேட்டு பேச்சுவார்த்தைக்கு ரெண்டே தரப்பு ஒக்காந்தாலும் எத்தன மாசம் இழுக்கும்னு உங்களுக்குத் தெரியும், ஆறு தரப்புன்னா நெனச்சுப் பாத்துக்குங்க. கடைசியா 2010 நவம்பர் 1ந் தேதி வெளிய வந்துச்சு. நிர்வாகம், மனித உரிமை, தொழிலாளர் நெலம, சுற்றுச்சூழல், நேர்மையா யாவாரம் பண்றது, வாடிக்கையாளர் நலன், ஊர் மக்களோட வளர்ச்சின்னு ஏழு விஷயம் பேசுது. "செஞ்சே ஆகணும்"னு எங்கயும் வராது, "செய்யறது நல்லது"ங்கற தொனிலதான் முழுக்க இருக்கும், சர்டிபிகேட் குடுக்க முடியாததுக்கு காரணமே அதுதான்.

ஓட்டெடுப்புல 66 நாடு வேணும்னுச்சு, அஞ்சு நாடு வேண்டாம்னுச்சு, 11 நாடு ஒதுங்கிக்கிச்சு. வேண்டாம்ன அஞ்சுல அமெரிக்கா, கியூபா ரெண்டும் ஒரே பக்கம் நின்னதுதான் வேடிக்கை, கூட துருக்கி, லக்சம்பர்க், அப்புறம் நம்ம இந்தியா. ஆமாங்க, நம்ம நாடே வேண்டாம்னு ஓட்டுப் போட்ட ஸ்டாண்டர்டத்தான் இங்க ஃப்ரேம் போட்டு வித்துட்டு இருக்காங்க.

இன்னொரு கொழப்பமும் இருக்குது, சமூகப் பணிக்கு லாபத்துல ரெண்டு பர்சன்ட் குடுக்கணுமே அதுதானே இதுன்னு சிலர் கேட்டாங்க. அது 2013 கம்பெனி சட்டம், 500 கோடி நெட் வொர்த், இல்ல 1000 கோடி டர்னோவர், இல்ல 5 கோடி லாபம் இருக்கற கம்பெனிகளுக்கு. 22 மிசினு வச்சிருக்கற நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க.

இப்ப நீங்க கேக்கற முக்கியமான கேள்விக்கு வர்றேன், இந்த 26000 ஜெயிக்குமா, ஜெயிச்சுதா இல்லியான்னு எத வச்சு சொல்றது? தரத்த நிர்வாகம் பண்றதுக்கான ஐஎஸ்ஓ 9001 இருக்குதே, 1987ல வந்தது, அது உலகம் பூரா பத்து லட்சம் சர்டிபிகேட்டத் தாண்டிருச்சு, அந்தக் கணக்குல பாத்தா 26000 ஃபெயிலுதான், ஒரு சர்டிபிகேட்கூட இல்லியே. ஆனா சர்டிபிகேட்ட எண்ணறது சரியான கணக்கான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். தொழிலாளிகள நல்லபடியா நடத்தறதுக்கான எஸ்ஏ 8000ன்னு ஒண்ணு 1997லயே வந்துச்சு, அதுல சர்டிபிகேட் உண்டு, ஆளு வந்து ஆடிட் பண்ணித்தான் குடுப்பாங்க. கராச்சியில ஒரு கார்மெண்ட் ஃபேக்டரி அத வாங்கி சில வாரந்தான் ஆச்சு, 2012 செப்டம்பர் 11 அன்னிக்கு தீ புடிச்சு 250 பேருக்கு மேல செத்துப் போயிட்டாங்க. ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வெளிய போற கதவு பூட்டு. செவுத்துல சர்டிபிகேட்டு.

அடுத்தவங்கள சொல்லிட்டு நம்மள விட்டுட்டா நியாயமில்லீங்க. சில வருசத்துக்கு முன்னாடி எக்ஸ்போர்ட் பையர் ஒருத்தருக்கு ஜாப் வொர்க் எடுத்தோம், ஆடிட் வரும்னாங்க, தேதியும் முன்னாடியே சொல்லிட்டாங்க. மொத நாள் ராத்திரி கட்டிங் செக்சன் பக்கம் இருக்கற அவசர வழி கதவ அடச்சு நின்ன ரிப் துணி ரோல் அத்தனையையும் பக்கத்து ஷெட்டுக்கு மாத்துனோம், ஃபயர் சிலிண்டர் ரெண்டு வாடகைக்கு எடுத்தாந்து மாட்டுனோம், ஓவர்லாக் ஓட்டறவங்களுக்கெல்லாம் மாஸ்க், டெய்லருங்க மிசினுக்கு ஊசி விரல்ல ஏறாம தடுக்கற நீடில் கார்டு. யார் கேட்டாலும் எட்டு மணி நேரந்தான் வேலைன்னு சொல்லச் சொல்லி சூப்பர்வைசர் எல்லாத்துக்கும் பாடம் நடத்துனாரு, அப்பல்லாம் தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிட்டு இருந்துச்சு. ஆடிட்டர் வந்தாரு, காப்பி குடிச்சாரு, ஃபோட்டோ எடுத்தாரு, பாஸ். மூணாவது நாளு ரோல் எல்லாம் பழையபடி கதவுக்கிட்டயே வந்து நின்னுருச்சு. செக்கிங்ல இருக்கற வயசான அம்மா ஒருத்தங்க எங்கிட்ட வந்து, "சாமி, இந்த மாஸ்க்க திருப்பிக் குடுத்துரணுங்களா, இல்ல மறுக்கா அவுங்க வர்ற வரைக்கும் நானே வச்சுக்கட்டுங்களா?"ன்னாங்க. அவுங்க நக்கலா கேக்கல, நெசமாவே சந்தேகம். அன்னிக்கு எனக்கு மொகமே இல்ல.

அந்த ஆடிட் பேப்பர்ல 100 கேள்வி இருந்துச்சுங்க, அத்தனையும் எங்களப் பாத்துத்தான். எத்தன மணி நேரம் வேலை, பி.எஃப். கட்டறயா, கக்கூஸ் எத்தன. பீஸுக்கு நீ குடுக்கற ரேட்டுல இதெல்லாம் கட்டுபடியாகுமா, 20 நாள் வேலைய 12 நாள்ல கேட்டா ராத்திரி ஓட்டாம எப்படி முடிப்பான்னு அந்த பையரப் பாத்து ஒரே ஒரு கேள்விகூட இல்ல. 26000 எனக்குப் புடிச்சது இந்த எடத்துலதான். யாவார நேர்மை பத்தி சொல்ற பகுதியில, வாங்கறவன் நியாயமான வெல குடுக்கணும், போதுமான டைம் குடுக்கணும், ஆர்டர் நெலையா இருக்கணும், நல்லபடியா நடத்தறதுக்கு ஆகற செலவ சங்கிலியில இருக்கற எல்லாரும் பங்கு போட்டுக்கணும்னு இருக்குது. ஃபேக்டரிய மட்டும் நிக்க வச்சு கேள்வி கேக்காம ஆர்டர் போடறவனையும் சேத்து ஒக்கார வைக்குது. அதனாலயே இத நம்ம பெட்டி மேல முத்திரையா குத்தறதுல அர்த்தமில்ல, இதுல பாதி எங்க கையிலயே இல்லியே.

ஆனா "நல்லது"ன்னு எழுதி வச்சா மட்டும் நடந்துருமான்னு கேட்டா, எங்க ஊரு நொய்யல் ஆத்தப் பாத்தவன் யாரும் ஆமான்னு சொல்ல மாட்டான். சாயத்தண்ணி ஆத்துல போயி 1992ல கட்டுன ஒரத்துப்பாளையம் டேம்ல தேங்கி, பாசனத்துக்குக் கட்டுன டேம் தண்ணிய எங்க நெலத்துக்கு விட்றாதீங்கன்னு விவசாயிங்களே கும்புட்டுக் கேக்கற அளவுக்கு ஆச்சு. சுத்தம் பண்ணி விடுங்கன்னு எத்தனையோ வருசம் சொன்னாங்க. கோர்ட்டுக்குப் போயி, 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறை அத்தனையையும் மூடச் சொன்னதுக்கு அப்புறந்தான், தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுக்கற ஜீரோ டிஸ்சார்ஜ் இங்க நெசமாவே ஓட ஆரம்பிச்சுது. எழுநூறு பட்டறைக்கு மேல மூடி, எங்களுக்கெல்லாம் கலர் துணியே கெடைக்காம திண்டாடுன வருசம் அது, நானே கோவத்துல கண்டபடி பேசியிருக்கேன், இப்ப நெனச்சா அது இல்லாம நடந்திருக்காதுன்னுதான் தோணுது.

பங்களாதேஷ்லயும் இதே கததான். 2013 ஏப்ரல் 24, கார்மெண்ட் ஃபேக்டரிக இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1134 பேரு செத்துப் போனாங்க. மொத நாளே செவுத்துல விரிசல் விட்டிருக்குது, கீழ இருந்த பேங்க்காரங்க ஆளுகள அனுப்பிட்டாங்க, தைக்கறவங்கள மட்டும் உள்ள வரச் சொன்னாங்க. அதுக்கடுத்த மாசமே பெரிய பிராண்டுகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பிராண்ட மீறவுடாம சட்டப்படி கட்டிப்போடற ஒப்பந்தம், எந்த பில்டிங்ல என்ன கொறைன்னு ஊரறிய போட்டாங்க. கேள்வி கேட்டு இழுக்க ஒரு கயிறு இருந்துச்சு, அதனால நடந்துச்சு. 26000ல அந்தக் கயிறு இல்லீங்க.

அதனால என்ற கணிப்பு இதுதான்: முத்திரைங்கற வகையில இது ஜெயிக்காது, ஜெயிக்கவும் வேண்டாம். ஆனா அதுல இருக்கற வார்த்தை ஆர்டர் சீட்டுல வந்து ஒக்காந்தா ஜெயிச்சுதுன்னு ஒத்துக்குவேன். ரேட்டு, டைம், கேன்சல் பண்ணா யாரு தலையில விழும், இந்த மூணு வரி எழுத்துல வரணும். இது வரைக்கும் எனக்கு வந்த ஆர்டர் சீட்டு ஒண்ணுலயும் அப்படி வரல.

சரி, பையரத் திட்டறப்ப திடீர்னு ஒண்ணு ஒறச்சுது. எங்களுக்கு நீங்கதானே பையரு, எங்க ஜாப் வொர்க் யூனிட்டுகளுக்கு நாங்கதானே பையரு. போன தீபாவளிக்கு எட்டு நாளு இருக்கறப்ப கோபி அக்கா 600 நைட் பேண்ட் கேட்டாங்க, நாங்களும் வாய மூடிட்டு சரின்னுட்டு மூணு நாளு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓட்டுனோம். அக்கா கோச்சுக்காதீங்க, தப்பு பாதி எம்மேலதான், முடியாதுன்னு சொல்லத் தெரியல.

அதனால தை மாசத்துல இருந்து சிலத மாத்தறோம். ஒன்றரை ஷிப்ட் தினப்படி கெடையாது, வாரத்துக்கு 48 மணி நேரந்தான், அதுக்கு மேல ஓட்டுனா சட்டத்துல இருக்கற மாதிரி டபுள் சம்பளம், சனிக்கிழமை கையில குடுக்கறப்ப அந்தக் கணக்கு தனியா சீட்டுல எழுதி. நைட் பேண்ட்டுக்கு பீஸுக்கு 7 ரூபா ஏறுது, அதுல 4 ரூபா தையல் கூலி, மிச்சம் 3 ரூபா பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குக்கு. டெலிவரி 12 நாளு இருந்தது 16 நாளாகுது. தீபாவளி சரக்கு ஆவணி பொறக்கறதுக்குள்ள சொல்லிப்போடுங்க, அதுக்கு மேல வந்தா இருக்கறதத்தான் குடுக்க முடியும். வெளிய குடுத்து பண்ற பிசிர் வெட்டறது, பட்டன் வேலை இதெல்லாம் வீடுகள்ல நடக்குது, அங்க எத்தன மணி நேரம் ஓடுது, புள்ளைங்க கை வைக்குதான்னு நாங்க இன்னும் போயி பாக்கவே இல்ல, அதையும் மறைக்கல, மாசிக்குள்ள ஒவ்வொரு வீடாப் போயி பாத்துட்டு எழுதறேன்.

யாரு வேணும்னாலும் சனிக்கிழமை பொழுதோட அஞ்சு மணிக்கு மேல சொல்லாமக் கொள்ளாம கம்பெனிக்கு வாங்க, சம்பளம் போடற நேரம். அவசர வழி கதவத் தள்ளிப் பாருங்க, தொறக்கும். அந்த செக்கிங் அம்மா இப்பவும் இருக்காங்க, அவுங்களையே கேளுங்க.

இப்படிக்கு,
உங்க பனியன் கடைக்காரன், திருப்பூர்

பி.கு.: பழைய வெல ஸ்டிக்கர் ஒட்டுன பெட்டி ஒரு 300 கெடக்குது, அது தீர்ற வரைக்கும் பழைய ரேட்டுதான், எக்ஸ்எல் சைசு மட்டும் இல்லீங்க.