இடது காலில் ஒரு மஞ்சள் கறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். உன் வெள்ளைக் குதிரையின் பின்னங்கால் மூட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், நடுவில் பழுப்பு, ஓரத்தில் லேசாகப் பச்சை. மூன்று தடவை ஷாம்பு போட்டும் போகவில்லை, போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று புலம்பியிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கவனித்தாயா? கறை இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. வலது கால் பளிச்சென்று இருக்கிறது. அப்படியென்றால் அவள் எப்போதும் இடது பக்கமாகவே படுக்கிறாள், படுக்கிற இடத்தில் ஈரம் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று ஊரே சொல்லும். அது அரைத் தூக்கம்தான். கனவு வருகிற ஆழ்ந்த தூக்கம் படுத்தால் மட்டுமே வரும். நாளுக்கு அரை மணி, ஒரு மணி நேரமாவது உடம்பைத் தரையில் சாய்த்தே ஆக வேண்டும். அதே குதிரைதான் அதே கொட்டிலுக்குள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை லத்தி போடுகிறது, ஏழெட்டு லிட்டர் மூத்திரம் விடுகிறது. எங்கே போய்ப் படுக்கும், சொல்.

மூத்திரம் வரும்போது வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கால்சியம் துகள்கள் இருப்பதால் அந்தக் கலங்கல். காற்றுப் படப்பட அதிலுள்ள சில பொருட்கள் நிறம் மாறிப் பழுப்பாகும், நறுக்கி வைத்த ஆப்பிள் கறுப்பது மாதிரி. லத்தியில் புல்லின் பச்சைச் சாயம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, மேலே ஐந்நூறு கிலோ உடம்பின் பாரமும் சூடும் அழுத்தினால் என்ன நடக்கும்? சாயப்பட்டறையில் நடப்பதுதான் நடக்கும். நீ அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறாய். அழுக்கு முடியின் மேல் உட்காரும். சாயம் முடிக்குள்ளேயே ஏறும். மூன்று ஷாம்பு தோற்றது அதனால்தான்.

ஒரு குறுக்குப் பேச்சு. தரையில் கிடந்து பழுப்பாகிற மூத்திரத்தைப் பார்த்துப் பயப்படாதே. ஆனால் வெளியே வரும்போதே காபி நிறத்தில் வந்தால், அதுவும் கடுமையான வேலைக்குப் பிறகு, உடம்பு விறைத்து நடக்க மாட்டேன் என்று அவள் நின்றால், அது தசைக் கோளாறாக இருக்கலாம். அப்படியே நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடு. நடக்கவைத்துச் சரிசெய்யப் பார்க்காதே.

சரி, காலுக்கு வருவோம். ஷாம்பு பாட்டிலை இன்னும் எடுக்காதே. கறை காய்ந்திருக்கும்போது ரப்பர் பிரஷால் மேலே ஒட்டியிருக்கிற பொருக்கை உதிர்த்துவிடு. மூட்டில் சதை கிடையாது, தோலுக்குக் கீழே நேராக எலும்புதான். வயிற்றிலும் தொடையிலும் தேய்க்கிற மாதிரி அங்கே தேய்த்தால் அவள் காலைத் தூக்குவாள். குதிரையின் குணம் தெரிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். கொம்பு இல்லாவிட்டால் என்ன, பின்னங்கால் இருக்கிறதே. பக்கவாட்டில், தோளை அவள் தொடையோடு ஒட்டிக்கொண்டு நில். குந்து, ஆனால் முழங்கால் போட்டு உட்காராதே.

அப்புறம் கை பொறுக்கிற சூட்டில் ஒரு வாளித் தண்ணீர். வெள்ளைத் துண்டு ஒன்றை முக்கி, தண்ணீர் சொட்டாதபடி முறுக்கிப் பிழிந்து, கறை மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடி. தேய்க்காதே. மனதுக்குள் அறுபது எண்ணு. எடுத்துப் பார்த்தால் துண்டில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம் இருக்கும். துண்டைத் திருப்பி, சுத்தமான பக்கத்தை வை. ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால் வட்டம் ஒவ்வொரு தடவையும் வெளிறிக்கொண்டே வரும். குளிர்நாளில் குதிரையை முழுக்க நனைக்க முடியாதபோது இந்தத் துண்டு வேலை ஒன்றிலேயே முக்கால்வாசிக் கறையை எடுத்திருக்கிறேன். வெள்ளைத் துண்டு எதற்கு என்றால், நிறம் இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்கத்தான்.

அதற்குப் பிறகுதான் ஷாம்பு. நேராக முடியில் ஊற்றாமல் வாளியில் கரைத்து ஸ்பாஞ்சால் எடு. முடி போகிற திசையிலேயே விரலால் நீவு. வட்டமாகத் தேய்த்தால் நிறம் அக்கம்பக்கத்து வெள்ளைக்குப் பரவும். ஐந்து நிமிடம் விட்டு அலசு. ஓடுகிற தண்ணீர் தெளிவாகும் வரை அலசு, தெளிவான பிறகும் இன்னொரு வாளி ஊற்று. ஷாம்பு தங்கினால் தோல் அரிக்கும், அரித்தால் சுவரில் உரசுவாள், உரசினால் முடியே போய்விடும். ஒரே நாளில் நான்கு தடவை போடாதே. இன்றைக்கு ஒன்று, நான்கு நாள் கழித்து ஒன்று, போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கடைசி. முந்தின நாளே குளிப்பாட்டினால் முடி பஞ்சு மாதிரி நிற்கும். எண்ணெய்ப் பசை திரும்பி மினுமினுப்பு வர ஒன்றிரண்டு நாள் வேண்டும்.

ஊதா ஷாம்பு பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல சாமான்தான், ஆனால் அது கறையை எடுப்பதில்லை என்று தெரிந்துகொண்டு வாங்கு. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிற அதே கணக்கு. மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அதனால் முதலில் சாதா ஷாம்பு, கடைசியில் மிச்சமிருக்கிற மங்கல் மஞ்சளுக்கு மட்டும் ஊதா. பழுப்பின் மேல் ஊதா போட்டால் பழுப்பு போகாது, சேறு நிறம்தான் வரும்.

இதில் என் கதை ஒன்று இருக்கிறது, உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போட்டிக்கு முந்தின நாள் மாலை ஒரு வெள்ளைக் குதிரைக்கு நான்கு காலிலும் வாலிலும் ஊதா ஷாம்பைத் தாராளமாகப் பூசினேன். பாட்டிலில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. பக்கத்துக் கொட்டில்காரரோடு பேச்சு சுவாரசியத்தில் அரை மணி போய்விட்டது. இருட்டில் அலசினேன், ஒன்றும் தெரியவில்லை. காலையில் வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் நான்கு காலும் கத்திரிப்பூ நிறம்! வால் அதைவிட மோசம். எட்டு வாளித் தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. குதிரை என்னவோ கம்பீரமாகத்தான் நடந்தது, நான்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். நீ வாங்கினால் முதலில் வால் நுனியில் நாலு முடியில் போட்டுப் பார். கடிகாரத்தைக் கண் முன்னால் வை. வெளிச்சத்தில் செய்.

கடைசி அலசலுக்கு வெள்ளை வினிகர் சேர்க்கலாம். ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர். குதிரை மூத்திரம் காரத்தன்மை உள்ளது, வினிகர் அமிலம். மிச்சமிருக்கிற ஷாம்புப் படலத்தையும் அது எடுத்துவிடும். தோலில் கீறலோ புண்ணோ இருந்தால் வேண்டாம், எரியும்.

ப்ளீச் பக்கமே போகாதே. யாராவது "கொஞ்சூண்டு கலந்து பார்" என்று சொல்லத்தான் செய்வார்கள். தோலைப் பொசுக்கும், முடியை உடைக்கும். போதாததற்கு மூத்திரம் ஊறிய இடத்தில் ப்ளீச் பட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுக் காற்று கிளம்பும், அடைத்த கொட்டிலில் உனக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. பாத்திரம் துலக்குகிற சோப்பு கறையை எடுக்கும், கூடவே தோலின் எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும். பெராக்சைடு, சோடா மாவு எல்லாம் அந்த ரகம்தான். பத்து நாள் அவசரத்துக்குப் பத்து மாதத் தோலைக் கெடுக்காதே.

குளிப்பாட்டி முடித்ததும் தண்ணீரை வழித்துவிட்டு, துண்டால் ஒற்றி, போர்வை போட்டுக் கொஞ்சம் நடத்து. ஈரத்தோடு காற்றடிக்கிற இடத்தில் கட்டிவிட்டு நீ போய்ப் படுத்துவிடாதே.

வாலுக்கு ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, வாலை அதற்குள் விட்டு ஊறவை. ஈரத்தில் சீப்புப் போடாதே, காய்ந்த பிறகு நுனியிலிருந்து விரலால் சிக்கெடு. வால் முடி ஒன்று முறிந்தால் அந்த நீளம் திரும்பி வர வருஷக்கணக்காகும். பளபளப்பு ஸ்ப்ரே வாலோடு நிற்கட்டும். சேணம் உட்கார்கிற இடத்தில் பட்டால் சேணம் வழுக்கும்.

வாலைத் தூக்கியிருக்கும்போதே அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார். உன் குதிரை பிறவி வெள்ளை இல்லை, அவள் மூக்கைப் பார், தோல் கறுப்பு. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து வருஷா வருஷம் வெளுத்து வந்த சாம்பல் குதிரை. வியன்னாவில் ஆடுகிற லிப்பிசானர் என்கிற வெள்ளைக் குதிரைகள்கூடக் குட்டியில் கறுப்புதான். அப்படி வெளுக்கிற ஜாதிக்கு ஒரு தொல்லை உண்டு. 15 வயதைத் தாண்டியவற்றில் பத்துக்கு ஏழெட்டுக்கு வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் உதட்டிலும் கறுப்புக் கட்டிகள் வரும். பல கட்டிகள் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும், சில வளரும். அவளுக்குப் பதினொன்றுதானே என்று விடாதே. பட்டாணி அளவு தட்டுப்பட்டாலும் தேதி போட்டு எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டு. ஒரு நல்ல கொட்டில்காரரிடம் நான் கற்றுக்கொண்டது இது. அவர் கறை எடுக்கிற சாக்கில்தான் குதிரையையே பரிசோதிப்பார்.

இவ்வளவும் செய்த பிறகும் லேசாக ஒரு நிழல் நிற்கும். விட்டுவிடு. அது முடிக்குள் இருக்கிறது, முடி உதிரும்போதுதான் போகும். வருஷத்துக்கு இரண்டு தடவை உதிர்க்கத்தானே போகிறாள். போட்டியன்று காலை கொட்டிலுக்கு வெளியே நிறுத்தி, லேசாக ஈரப்படுத்தி, சாக்பீஸ் தூளோ மக்காச்சோள மாவோ தடவி, காய்ந்ததும் பிரஷால் தட்டிவிடு. வெளியே என்று சொல்வது அந்தத் தூசி அவள் மூச்சில் போகக்கூடாது என்பதற்காக.

இப்போது அந்த இடது பக்கம். இரவு கடைசியாக எத்தனை மணிக்கு லத்தி அள்ளுகிறாய்? சாயங்காலம் ஆறுக்கு அள்ளிவிட்டுக் காலை ஆறுக்குத் திரும்பி வந்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் நாலைந்து குவியல் விழுந்திருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு ஒரு நடை போய் அள்ளிவிட்டு வந்தால் பாதிக் கறை பிறக்கவே பிறக்காது. ஈரமான திட்டை மேலே புது வைக்கோல் போட்டு மூடுகிற வேலை வேண்டாம். அள்ளி எடுத்து, தரையைக் காயவிட்டு, அப்புறம் போடு. நடுவில் கனமாகவும் சுவரோரம் மெலிதாகவும் போடுகிற பழக்கம் உனக்கு இருக்கிறது, சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். குதிரை அதை இரவில் காலால் தள்ளி வெறுந்தரையாக்கிக்கொள்ளும். ஓரத்தை உயர்த்தி, எங்கும் சமமாக, உன் முழங்கை புதைகிற அளவுக்குப் போடு. முட்டி போட்டு, அவள் படுத்தால் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் ஒரு மூச்சு இழுத்துப் பார். கண் எரிந்தால் அம்மோனியா. நின்றால் உனக்குத் தெரியாது, ராத்திரி முழுக்க அவள் அதைத்தான் சுவாசிக்கிறாள். அதே மூட்டில் முடி தேய்ந்திருக்கிறதா, மெத்தென்று வீங்கியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார். படுக்கை மெலிந்த இடத்தில் கறையும் வீக்கமும் சேர்ந்தேதான் வரும்.

அடுத்த தடவை குதிரையைப் போட்டோ எடுக்காதே. காலை ஆறு மணிக்கு, எதையும் அள்ளுவதற்கு முன்னால், படுக்கையை எடுத்து அனுப்பு. எந்த மூலையில் மூத்திரம் விடுகிறாள், எங்கே படுக்கிறாள் என்று பார்த்துச் சொல்கிறேன். தண்ணீர் வாளி இருக்கிற மூலையும் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன அந்த நல்ல வெள்ளைத் துண்டைக் கொட்டிலுக்குக் கொண்டுபோகாதே. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.