மருந்து வணிகர் சங்கம், செயலாளர் ஆண்டறிக்கை: சிப்லா குடும்பத்தின் கதையைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. லைசென்ஸ் புதுப்பிப்பு, எக்ஸ்பைரி சரக்கைத் திருப்பி எடுப்பதில் ஸ்டாக்கிஸ்டுகளோடு (மொத்த விற்பனையாளர்களோடு) வரும் இழுபறி, டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய சில மருந்துகளுக்கான ஷெட்யூல் ஹெச்1 பதிவேடு எழுதும் முறை ஆகியவை பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கூட்டங்களிலேயே விளக்கம் தரப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த அறிக்கையில் பெரும்பகுதியை நம் வாசிப்பு வட்டத்துக்கு ஒதுக்க உங்கள் அனுமதி வேண்டும். ஒரு மருந்துக் கம்பெனியின் வரலாற்றை முழுதாகப் படிப்பது என்று சென்ற பேரவையில் முடிவு செய்தோம். எடுத்துக்கொண்டது சிப்லா. அஸ்தாலினும் ஃபோராகார்ட்டும் சிப்லாக்ஸும் இல்லாத மருந்துக்கடை கிடையாது. அப்படியிருந்தும் அதை நடத்திய குடும்பத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. மாத்திரை அட்டையில் அச்சிட்ட விலையைத்தான் நாம் பார்க்கிறோம். அந்த விலையை யார், எந்த அதிகாரத்தில் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் ஆண்டு முழுக்க எங்கள் பேச்சாக இருந்தது.

நிறுவனர் குவாஜா அப்துல் ஹமீது 1898-ல் அலிகாரில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் கல்லூரியை விட்டு வெளியேறியவர். ஜாமியா மில்லியா கல்வி நிறுவனத்தில் சில காலம் பாடம் நடத்திவிட்டு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். லூபா என்ற யூதப் பெண்ணை அங்கேதான் சந்தித்து மணந்தார். 1935-ல் பம்பாயில் கம்பெனியைப் பதிவு செய்தபோது அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 6 லட்சம் ரூபாய். தன்னுடைய மருந்துத் தயாரிப்பு முறைகளை ராயல்டி கேட்காமல் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். 1937-ல் முதல் சரக்கு சந்தைக்கு வந்தது. 1939 ஜூலையில் காந்தி அந்தத் தொழிற்சாலைக்கு வந்து பார்த்தார். அதே ஆண்டு உலகப் போர் தொடங்கி, வெளிநாட்டு மருந்துகளின் வரத்து குறைந்தபோது, இங்கேயே மருந்து செய்யத் தெரிந்தவர்களின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டாம் தலைமுறை யூசுப் ஹமீது. 1936-ல் தாயின் ஊரான, இன்று லிதுவேனியாவில் இருக்கும் வில்னியஸில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற அலெக்சாண்டர் டாட் என்பவரிடம் ஆராய்ச்சி முடித்து, 1960-ல் சிப்லாவில் சேர்ந்தார். மருந்து மூலப்பொருளை இங்கேயே தயாரிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1968-ல் ஆம்பிசிலினை இந்தியாவில் முதன்முதலில் தயாரித்தது சிப்லாதான் என்று கம்பெனி வரலாறு சொல்கிறது. ஆஸ்துமா இன்ஹேலர்களை இங்கே செய்யத் தொடங்கியதிலும் அவர்கள் முன்னோடிகள்.

ஆனால் பெரிய தடை ஒன்று இருந்தது. 1911-ம் ஆண்டுப் பழைய காப்புரிமைச் சட்டப்படி மருந்துக்கே காப்புரிமை, அதாவது கண்டுபிடித்தவர் மட்டுமே தயாரித்து விற்கும் உரிமை, உண்டு. வேறு வழியில் தயாரித்தாலும் மீறல்தான். நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இங்கே வருகிறது: நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். காப்புரிமைச் சட்டத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று 1959-ல் அவர் கொடுத்த அறிக்கைதான் 1970 சட்டத்தின் அடித்தளம். அந்தச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது; தயாரிக்கும் முறைக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுகள். 1972 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. பெரியவர் ஹமீது அதே ஆண்டில் காலமானார். இன்று நம் கடைகளில் ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில், பல விலைகளில் கிடைக்கிறதே, அதன் வேர் அய்யங்காரின் அந்த அறிக்கையில் இருக்கிறது. இப்படி ஒருவர் நம் ஊர்ப்பக்கம் வாழ்ந்ததை நம் தொழிலில் இருப்பவர்களே மறந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதிக நேரம் பேசியது எச்.ஐ.வி. மருந்துகளைப் பற்றி. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். அப்போது மருந்தே இல்லை. 1990-களின் நடுவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்று தெரிந்தபோது, ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

2000 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையம் கூட்டிய கூட்டத்தில் யூசுப் ஹமீது எழுந்து, மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 800 டாலருக்குத் தருகிறேன் என்றார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபைனை இலவசமாகத் தருகிறேன், தொழில்நுட்பத்தையும் சொல்லித்தருகிறேன் என்றார். அந்தக் கூட்டத்தில் யாரும் கை நீட்டவில்லை. 2001 பிப்ரவரியில், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற சர்வதேச மருத்துவ உதவி அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர், நோயாளிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, என்று அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே! உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்த மூன்றையும் ட்ரையோம்யூன் என்ற ஒரே மாத்திரையில் அடைத்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபைன் ஆகிய மூன்றும் வெளிநாட்டில் மூன்று வேறு கம்பெனிகளின் கையில் இருந்தன. சேர்த்து ஒரே மாத்திரையாக்க நம் 1970 சட்டம்தான் வழிவிட்டது.

குடும்பம் நடத்திய கம்பெனி என்பதால்தான் இது நடந்ததா? கூட்டத்தில் இதற்கு எதிர்வாதமும் வந்தது. நெவிரபைனைக் கண்டுபிடித்த போரிங்கர் இங்கல்ஹைமும் 1885 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கம்பெனிதான் என்று இளம் உறுப்பினர் ஒருவர் எடுத்துக்காட்டினார். சரியான கேள்வி. என் கருத்து இது: குடும்பத்தின் கையில் போதுமான பங்கு இருந்ததால், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஹமீதால் சொல்ல முடிந்தது. ஆனால் அப்படிச் சொல்வதற்கான இடத்தைக் கொடுத்தது சட்டம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் 350 டாலர் வந்திருக்காது.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இந்தியக் கம்பெனிகள் விலையை இறக்காமல் இருந்திருந்தால் எந்த அரசாலும் அதைச் செய்திருக்க முடியாது. ஓராண்டுக்குள், 2005-ல், உலக வர்த்தக ஒப்பந்தப்படி மருந்துப் பொருளுக்கான காப்புரிமை இந்தியாவில் திரும்ப வந்தது. ட்ரையோம்யூனுக்குக் கிடைத்த வழி அதற்குப் பிறகு வந்த புது மருந்துகளுக்குக் கிடைக்கவில்லை. புற்றுநோய் மருந்து வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் நமக்கு இதன் பொருள் தெரியும்.

புகழ்ச்சி மட்டும் பேசியதாக எண்ண வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டு ஆணையை மீறிக் கூடுதலாக வசூலித்ததாக அரசு பெருந்தொகை கேட்டு, சிப்லா நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடியதையும் படித்தோம். வெளிநாட்டில் விலையை உடைத்த கம்பெனி உள்நாட்டில் விலைக்காக வழக்காடியது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2013-ல் குடும்பத்துக்கு வெளியே இருந்து தலைமைச் செயல் அதிகாரி வந்தார். இப்போது நிர்வாகம் அப்படித்தான் நடக்கிறது. குடும்பம் தன் பங்கை விற்கப்போகிறது என்ற செய்தி 2023-ல் பத்திரிகைகளில் அடிபட்டபோது, கடைக்கு வந்த ரெப்களிடம் (கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளிடம்) நம்மில் சிலர் கவலையோடு விசாரித்ததை நானே பார்த்தேன்.

அப்புறம், வரும் ஆண்டு. 1970-ல் தொடங்கி 2013 வரை வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைகளை வரிசையாகப் படிக்கலாம் என்று வாசிப்பு வட்டம் பரிந்துரைக்கிறது. இந்த ஆண்டின் குறிப்புகளை நோட்டாகக் கட்டி சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். கடையில் வேலைக்குச் சேரும் இளம் பார்மசிஸ்டுகளுக்கு அதை வாசிக்கக் கொடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

கூட்டங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தவர்களுக்கும், அன்று கடையைப் பார்த்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பேரவை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்