வேசன் கார்டு டெஸ்ட்: மீதியையும் போடுங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல, மனுஷனுக்கு லாஜிக்கே வராதுங்கிற மாதிரி வந்த கட்டுரைய படிச்சேன். வேசன் டெஸ்டை வச்சு எழுதியிருக்காங்க, ஆனா பாதிய சொல்லிட்டு மீதிய விட்டுட்டாங்க.

கட்டுரைய படிக்காதவங்களுக்காக சொல்றேன், இது இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-ல எழுதினது. மேஜைல நாலு கார்டு, இங்கிலீஷ் ஏ, கே, அப்புறம் 4, 7. ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் நம்பர். 'உயிரெழுத்து இருந்தா பின்னாடி இரட்டைப்படை எண் இருக்கும்'னு ஒரு விதி, அது சரியான்னு பாக்க எதையெல்லாம் திருப்பணும்? நெறைய பேரு ஏ, 4-ன்னுவாங்க. ஆனா 4-க்கு பின்னாடி எது இருந்தாலும் விதிக்கு ஒண்ணும் ஆகாது, 7-க்கு பின்னாடி உயிரெழுத்து இருந்தாத்தான் அடிபடும், அதனால ஏ, 7 தான் விடை. தனியா உக்காந்து போட்டா பத்துல ஒருத்தர் சரியா சொன்னாலே அதிகம். கட்டுரை இங்கயே நின்னுடுச்சு.

1998-ல அமெரிக்காவுல மோஷ்மன், கெயில்னு ரெண்டு பேரு இதையே காலேஜ் ஸ்டூடண்ட்ஸை அஞ்சாறு பேரா உக்கார வச்சு பேசி முடிவு பண்ண சொன்னாங்க. தனியா போட்டவங்கள்ல 9 சதவீதம் சரி, குரூப்புல 75 சதவீதம்! மெஜாரிட்டி பக்கம் தலையாட்டியிருந்தா தப்பு விடைதானே வந்திருக்கணும், ஆக அங்க ஜெயிச்சது வாதம்தான்.

இன்னொண்ணு, 2016-ல மெர்சியேங்கிற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் செஞ்சது, எனக்கு ரொம்ப புடிச்சது. ஒருத்தர் சொன்ன காரணத்தையே 'இது வேற ஒருத்தர் சொன்னது'ன்னு அவர்கிட்டயே திருப்பி நீட்டினாங்க, ஏமாத்தை கண்டுபுடிக்காதவங்கள்ல பாதிக்கு மேல அத ஒத்துக்கவே இல்ல. நம்ம காரணம்னா கேள்வியே கேக்காம விட்டுடுறோம், அடுத்தவர் சொன்னா நோண்டி நோண்டி பாக்குறோம், அவ்ளோதான்.

கார்டு கணக்குக்கு ஒரே விடை இருக்கு, அரசியலுக்கு அப்படியான்னு கேப்பீங்க, நியாயம்தான். 1979-ல ஸ்டான்ஃபோர்டுல மரண தண்டனை ஆராய்ச்சிகள படிக்க கொடுத்தப்போ ஆதரிச்சவங்களும் எதிர்த்தவங்களும் ஒரே பேப்பர்கள படிச்சிட்டு அவங்கவங்க நிலைப்பாட்டுல இன்னும் இறுகிட்டாங்க, உண்மை. ஆனா அங்கயும் அவங்கவங்க தனியாத்தான படிச்சாங்க, எதிர்ல உக்காந்து 'அதெப்படி?'ன்னு கேக்க ஆளு ஏது?

இவ்வளவு இருக்க, கட்டுரை முடிவுல 'யார்கிட்டயும் பேசாம தனிமைல யோசிச்சு முடிவெடுங்க'ன்னு அட்வைஸ் வேற. அந்த ஒரு வரிக்காவது திருத்தம் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி