பேர் பதிவேட்டில் இல்லையாம்: எங்கள் சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். எனக்கு அப்பம் கிடைத்தது. அடுத்து அவருடைய கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டியபடி. தட்டு அந்தக் கைகளைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு மூப்பர் குனிந்து, "உங்க பேரு பதிவேட்டுல இல்லைம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் வரிசைக்கே கேட்டது. அந்த அம்மா உடனே கையை எடுக்கவில்லை. புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் மடியில் வைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

11 வருஷமாக நம்மோடு இருக்கிறவர். பதிவேட்டில் பேர் சேர்க்கப் பழைய சபையிலிருந்து கடிதம் வேண்டும் என்கிறீர்கள். அந்தச் சபையே கலைந்துபோய்விட்டது என்று மூன்று முறை சொல்லிவிட்டார். இல்லாத சபையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்போஸ்தலன் பவுலும் இந்தப் பந்திக்கு ஒழுங்கு சொன்னார். 1 கொரிந்தியர் 11-ஐ மறுபடி வாசித்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்தறியட்டும் என்கிறார். அதே அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்வது யாரை? இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்களை.

அந்த அம்மாவை வரும் திருவிருந்தில் தடுக்காதீர்கள். நான் கேட்பது இதுதான்.

எருசலேம் தேவாலயத்தில் யூதரல்லாத புறஜாதியார் தாண்டக்கூடாத ஒரு தடுப்பு இருந்தது. தாண்டினால் மரணம் என்று கிரேக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871-ல் கிடைத்தது. புறஜாதியானாகிய எபேசியன் துரோப்பீமுவை அதற்குள் கூட்டிக்கொண்டு போனார் என்று நினைத்துத்தான் பவுலைப் பிடித்து அடித்தார்கள். அதே பவுல்தான் காவலில் கட்டப்பட்டவராக இருந்துகொண்டு எபேசியருக்கு எழுதினார்: நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார், நீங்கள் இனி அந்நியர் அல்ல, தேவனுடைய வீட்டார் என்று. அந்த வீட்டில் 11 வருஷம் இருந்தவரிடம் நாம் கடிதம் கேட்கிறோம். எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைப் பார்த்து, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்டபோது பிலிப்பு எந்தச் சபையின் கடிதத்தையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வருஷக்கணக்காக வாசல்படி மிதிக்காதவர்களின் பெயர்கள் அதே பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன. சபைத் தேர்தல் வந்தால் அவர்களைத் தேடிப்போய் அழைக்கிறோம். வசதியானவர் புதிதாக வந்தால் முன்வரிசையில் இடம் ஒதுக்குகிறோம், அவரிடம் யாரும் கடிதம் கேட்டு நான் பார்த்ததில்லை. மினுக்குள்ள வஸ்திரம் உடுத்தினவனுக்கு நல்ல இடம், ஏழைக்குப் பாதபடி என்று யாக்கோபு எழுதியது நம்மைப் பற்றித்தான். யார் தேவனுடைய ராஜ்யத்தின் பிள்ளை என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

ஐயா, குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் அறிவேன். என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். தாழ்மையாகக் கேட்கிறேன், அந்த அம்மாவை வரும் திருவிருந்தில் தடுக்காதீர்கள். கடிதம் இல்லாதவர்களை என்ன செய்வது என்று கமிட்டியில் பிறகு பேசிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் உங்களில் இருவராவது அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். போன ஞாயிறு பாட்டுப் புத்தகங்கள் கலைந்தே கிடந்தன. அவர் வரவில்லை.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சபையின் அங்கத்தினன்