பிரித்துக் கொடுத்ததைச் சேர்த்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது குறித்துத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியின் கடைசி வரியில், பொதுமக்கள் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க ஒத்துழைக்காததே இதற்கெல்லாம் காரணம் என்று நகராட்சி அதிகாரி ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அவர் ஒருநாள் காலை எங்கள் தெருவுக்கு வந்து நின்றால் அந்த வருத்தம் தீர்ந்துவிடும்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் காய்கறிக் கழிவைப் பச்சைக் கூடையிலும், பால் உறை, மருந்து அட்டை போன்றவற்றை நீலக் கூடையிலும் போட்டுத்தான் கொடுக்கிறோம். வாசலுக்கு வரும் பேட்டரி வண்டியில் இரண்டும் எங்கள் கண்ணெதிரிலேயே ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. வண்டியின் நடுவில் இருந்த தடுப்புத் தகடு துருப்பிடித்து விழுந்த பிறகு புதிதாக எதுவும் வைக்கப்படவில்லை. கையுறைகூட இல்லாமல் வேலை செய்யும் தூய்மைப் பணியாளரிடம் இதைக் கேட்பதில் நியாயமில்லை. அவருக்குக் கொடுத்த வண்டி அப்படி.

மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகளைத் தாங்கள் அறியாதவரல்லர். பிரித்துக் கொடுப்பது வீட்டாரின் கடமை என்று சொல்லும் அதே விதிகள், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசெல்வதை உள்ளாட்சியின் கடமையாக்கியுள்ளன. பயனாளர் கட்டணம் வசூலிக்கலாம் என்பதும் அவற்றில்தான் இருக்கிறது. அந்தப் பிரிவை மட்டும் நகராட்சி இதுவரை மறந்ததில்லை, சொத்து வரியோடு சேர்த்து ஒழுங்காகக் கேட்டுவிடுகிறது. மக்கும் குப்பை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து மலையாகக் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகும்போது எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயு உண்டாகும் என்பதையும், ஒரு பொறி விழுந்தால் அந்த மலை நாள்கணக்கில் புகையும் என்பதையும் பொறியியல் படித்த அதிகாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட மெல்லிய பைகள் எங்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. பூக்காரப் பெண்ணிடம் அபராதம் வாங்கும் கைகள், அவற்றை மூட்டையாக இறக்கும் மொத்த வியாபாரியின் கிடங்குப் பக்கம் நீண்டதை நான் பார்த்ததில்லை.

குடிநீரின் கதையும் வேறல்ல. கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக் கிணற்று நீர் மஞ்சளாகி நாற்றமெடுத்ததால், அவர்கள் நகராட்சிக் குழாயை மட்டுமே நம்பியிருக்கிறார்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மட்டும் வாய்த்திருக்கிறது. தண்ணீரோ எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாமல், சில வாரங்களில் நள்ளிரவில் வந்து போகிறது. கோடையில் கேட்டால் ஆற்றில் நீர்வரத்து இல்லை என்கிறார்கள், மழைக்காலத்தில் கேட்டால் நீரேற்று நிலையத்தில் மின்தடை என்கிறார்கள். முனைத்தெருவில் உடைந்த குழாயிலிருந்து மட்டும் இரு காலத்திலும் தவறாமல் ஓடுகிறது. கேன் தண்ணீர் வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளில் பெண்கள் உறக்கம் கெட்டுக் குடத்தோடு காத்திருக்க, குடிநீர்க் கட்டணத்துக்கான அறிவிப்பு மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பல ஆண்டுகள் தேர்தலே இல்லாதிருந்தபோது, கேட்க ஆளில்லாததால்தான் இப்படி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டோம். 2022 பிப்ரவரியில் வாக்களித்துக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தோம். மனு கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தார்கள் என்பதே அதனால் கண்ட மாற்றம்.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. குப்பை வண்டிகளில் தடுப்புத் தகட்டை மீண்டும் பொருத்த வேண்டும்; தண்ணீர் திறக்கும் நாளையும் நேரத்தையும் வார்டு அலுவலகப் பலகையில் முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும். அடுத்த முறை அந்த அதிகாரியிடம் கருத்துக் கேட்கும் தங்கள் செய்தியாளர், தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை